பேஸ் வாசித்தது யார்?

போன மாதம் ஒரு ராத்திரி நண்பனுக்கு ஒரு ஜாஸ் பதிவின் சுட்டியை அனுப்பினேன். ஜிம்மி ஸ்மித் ஆர்கன் வாசித்த ‘தி செர்மன்’. 20 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும் ஒரே ஒரு ப்ளூஸ். நண்பன் பேஸ் கிட்டார் வாசிப்பவன். கல்யாணக் கச்சேரி, சர்ச் நிகழ்ச்சி, ஸ்டூடியோ என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போவான். கூர்மையான காது. இசை விஷயத்தில் அவன் ஒன்று சொன்னால் நான் பெரும்பாலும் மறுத்துப் பேசுவதில்லை. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. “கேட்டேன்டா. வலது கை நல்லா ஓடுது. மத்தபடி ஒண்ணும் இல்ல. ஒரு கை வித்தை.”

அந்த ‘ஒரு கை வித்தை’ என்னை விடவே இல்லை. பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் சரி என்று விட்டிருப்பேன். ஜிம்மி ஸ்மித் மேல் இந்தக் குற்றச்சாட்டு புதிதும் இல்லை, வேகத்தைக் காட்டுகிறார், ப்ளூஸைவிட்டு வெளியே வர மாட்டேன் என்கிறார், கைதட்டலுக்கு வாசிக்கிறார் என்று அவர் வாழ்ந்த காலத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் என் விஷயத்தில் நடந்தது நேர் எதிர். நான் அவரிடம் மாட்டிக்கொண்டது இடது கையால். அதுவும் அது இடது கை என்று தெரியாமலே.

பல வருஷத்துக்கு முன்னால், மாமா வீட்டில். மாமாவிடம் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் உண்டு, கூடத்தில் யாரையும் அவற்றின் முன்னால் நாற்காலி போட விட மாட்டார். அதில்தான் ‘தி செர்மன்’ முதலில் கேட்டேன். ஜாஸ் பற்றி அப்போது எனக்கு அதிகம் தெரியாது. ட்ரம்பெட் வந்தது, சாக்ஸ் வந்தது, கிட்டார் வந்தது, எல்லாம் வந்து போய்க்கொண்டே இருந்தன. அடியில் மட்டும் ஒன்று நடந்துகொண்டே இருந்தது. நடை என்றால் நிஜமான நடை. சாப்பிட்டுவிட்டுத் தெருவில் உலாவப் போகும் மனிதர் எடுத்து வைக்கிற மாதிரி, பாருக்கு, அதாவது ஒரு தாளக் கட்டத்துக்கு, நாலு அடி, அவசரம் இல்லை, தயக்கமும் இல்லை. ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் ‘தப்’ என்று சின்னதாக ஒரு தட்டல். அந்த பேஸ் வாசிப்பவர் யாரென்று தெரிந்துகொள்ள இசைத்தட்டின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். லீ மார்கன், ட்ரம்பெட். லூ டொனால்ட்சன், ஆல்ட்டோ சாக்ஸ். டீனா ப்ரூக்ஸ், டெனர் சாக்ஸ். கென்னி பர்ரெல், கிட்டார். ஆர்ட் ப்ளேக்கி, ட்ரம்ஸ். ஜிம்மி ஸ்மித், ஆர்கன். பேஸ் என்று ஒரு வரியே இல்லை. அச்சுப்பிழை என்று நினைத்து மாமாவிடம் கேட்டேன். “பேஸ்காரர் பேரை விட்டுட்டாங்க போல மாமா.” அவர் சிரித்தார். “அதுவும் அந்த ஆளுதான்டா. இடது கை.” நான் மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னேன்.

1958 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவானது அது. லீ மார்கனுக்கு அப்போது 19 வயதுதான். எஃப் ஸ்வரத்தில் சாதாரண 12 பார் ப்ளூஸ். ஆர்ட் ப்ளேக்கி எவ்வளவு அடித்து நொறுக்கக்கூடியவர், அவரே இதில் கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஷஃபிள் என்ற ஒரே தாள நடையில் உட்கார்ந்துவிட்டார். ஆளுக்கு ஆள் மேடைக்கு வந்து பேசிவிட்டு இறங்கிப் போகிறார்கள். இருபது நிமிஷமும் இறங்காமல் இருப்பவர்கள் இரண்டே பேர், ப்ளேக்கியும் ஜிம்மியின் இடது கையும்.

கிடங்கு

ஜிம்மி ஸ்மித் பிறந்தது பென்சில்வேனியாவின் நாரிஸ்டவுனில், பிலடெல்பியாவுக்குப் பக்கம். ஆறு வயதிலேயே அப்பாவோடு சேர்ந்து கிளப்புகளில் பாட்டும் ஆட்டமுமாக மேடை ஏறியிருக்கிறார். ஒன்பது வயதில் பூகி-வூகி பியானோ வாசித்து வானொலிப் போட்டி ஒன்றில் ஜெயித்தார். அப்புறம் கடற்படை, அங்கிருந்து வந்ததும் பிலடெல்பியாவில் லியோ ஆர்ன்ஸ்டைன் பெயரிலிருந்த இசைப் பள்ளியில் படிப்பு, அப்புறம் டான் கார்ட்னரின் குழுவில் பியானோ. ஐம்பதுகளின் தொடக்கம் வரை அவர் பிலடெல்பியாவின் நூறு பியானோக்காரர்களில் ஒருவர். வைல்ட் பில் டேவிஸ் என்பவர் ஆர்கன் வாசிக்கக் கேட்டதும்தான் எல்லாம் மாறியது.

ஜாஸில் ஆர்கன் அதற்கு முன்னால் இல்லாமல் இல்லை. ஃபாட்ஸ் வாலர் வாசித்திருக்கிறார், கவுன்ட் பேஸி அவரிடமிருந்து கற்றுக்கொண்டு வாசித்திருக்கிறார். ஆனால் சாதாரண ஜனங்களுக்கு ஆர்கன் என்றால் சர்ச், இல்லாவிட்டால் வானொலி நாடகத்தின் நடுவே வரும் சோகச் சத்தம். வைல்ட் பில் டேவிஸ் அதை ஊதுவாத்தியங்கள் நிறைந்த ஒரு முழு பிக் பேண்ட் மாதிரி முழங்க வைத்தார். ஜிம்மி அவரிடம் போய், இதைக் கற்க எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டிருக்கிறார். காலால் வாசிக்கும் பெடலுக்கு மட்டுமே வருஷக்கணக்கில் ஆகும் என்று பதில் வந்ததாம்.

அடுத்து அவர் செய்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். வட்டிக்குக் கடன் வாங்கி ஹேமண்ட் என்ற மின்சார ஆர்கன் ஒன்றை வாங்கினார். வீட்டில் வைக்கவில்லை. ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்து அங்கே இறக்கினார். வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி மதியச் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு காலையில் அங்கே போய் உட்காருவாராம். சொல்லித்தர ஆள் இல்லை, யாரிடமும் கேட்கவும் முடியாது, ஏனென்றால் அவர் தேடிக்கொண்டிருந்த மாதிரி அந்த வாத்தியத்தை அதுவரைக்கும் யாரும் வாசித்திருக்கவில்லை. ஒரு பெரிய தாளில் பெடல்களின் படத்தை வரைந்து எதிரே சுவரில் ஒட்டிக்கொண்டார். ஹேமண்டில் 25 பெடல். காலை எங்கே வைப்பது என்று சந்தேகம் வந்தால் குனிந்து கீழே பார்க்காமல், நிமிர்ந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொள்வார். ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படிப் போனது.

அந்தத் தாளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். கீழே பார்த்தால் உடம்பு வளையும், உடம்பு வளைந்தால் கை நகரும், கை நகர்ந்தால் தாளம் போகும். கால் எங்கே போக வேண்டும் என்பதைக் கண்ணுக்கு எதிரே கொண்டுவந்து வைத்தால் உடம்பு நேராக இருக்கும். வாத்தியார் இல்லாத ஒரு மனிதர் தனக்குத் தானே ஒரு வாத்தியாரை வரைந்து சுவரில் மாட்டிக்கொண்டார். இதில் என் ஊகம் ஒன்றும் உண்டு: ஆறு வயதில் அப்பாவோடு மேடையில் ஆடிய அந்தக் கால் இதை மறந்திருக்காது என்று தோன்றுகிறது. தரையைப் பார்க்காமல் தாளத்தில் காலை வைப்பது ஆடுகிறவர்களுக்குப் புதிது இல்லையே.

இடது கை, இடது கால்

அவர் கிடங்கிலிருந்து கொண்டுவந்தது என்ன என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் ‘காலால் பேஸ் வாசித்தார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பாதி உண்மைதான் அது. மெதுவான பாட்டுகளில் காலே முழு பேஸையும் எடுத்துக்கொள்ளும். வேகமும் நடுத்தரமுமான ப்ளூஸ்களில் பேஸ் லைனை நடத்துவது இடது கை, கீழ் வரிசைக் கட்டைகளில். இடது கால் அதே நேரத்தில் பெடலைச் சும்மா தொட்டுத் தொட்டு எடுக்கும். அந்தத் தொடுதல்தான் நான் மாமா வீட்டில் கேட்ட ‘தப்’. ஆர்கன் ஒலிக்குத் தொடக்கமும் முடிவும் ஒரே மாதிரி இருக்கும், கட்டையை அழுத்தினால் முழு ஒலி, எடுத்தால் மௌனம். நிஜமான டபுள் பேஸில் தந்தியை விரல் இழுத்துவிடும்போது முதலில் ஒரு மோதல் ஒலி வரும், அப்புறம்தான் ஸ்வரம் விரியும். அந்த மோதலைக் காலும் விரிவைக் கையும் செய்கின்றன. ஒரு மனிதர் இரண்டு இடத்திலிருந்து ஒரே ஒலியைத் தைக்கிறார். வலது கால் சும்மா இருக்கிறதா என்றால் இல்லை, அது ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பெடல் மேலே இருக்கும், ஹேமண்டில் கட்டையை ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஒரே சத்தம் என்பதால் ஏற்ற இறக்கம் எல்லாம் அந்தக் காலை நம்பித்தான்.

வலது கையும் வெறும் வேகம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹேமண்டில் ஒலியின் நிறத்தை மாற்ற ட்ராபார் என்ற இழுப்பான்கள் உண்டு, ஒரு தொகுப்புக்கு ஒன்பது, ஒவ்வொன்றையும் 0 முதல் 8 வரை இழுக்கலாம். வைல்ட் பில் டேவிஸ் மாதிரி முழங்குகிறவர்கள் எல்லாவற்றையும் இழுத்து விடுவார்கள். ஜிம்மி சோலோவுக்கு வழக்கமாக வைத்துக்கொண்டது முதல் மூன்றை முழுக்க இழுத்து, மீதி ஆறையும் மூடிவிடுவது. அவ்வளவு பெரிய எந்திரத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சாத்திவிட்டு உட்காருகிறார். கூடவே ஹேமண்டின் பி-3 மாடலில் வந்த பெர்கஷன் என்ற விசை. ஸ்வரத்தின் தலையில் ‘டொக்’ என்று மரத்தைத் தட்டின மாதிரி ஒரு சின்ன ஒலியை அது சேர்க்கும்.

அந்த விசையில் ஒரு நிபந்தனை உண்டு. எல்லா விரலும் கட்டையைவிட்டு எழுந்த பிறகுதான் அடுத்த ‘டொக்’ வரும். ஒரு விரல் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை அழுத்தினால் வராது. ஆக, கோத்து வாசித்தால் முதல் ஸ்வரத்துக்கு மட்டும் அழுத்தம், மற்றவை வழுக்கிக்கொண்டு போகும். பிரித்து வாசித்தால் ஒவ்வொன்றும் தட்டிக்கொண்டு வரும். நம் பாஷையில் சொன்னால் அவர் கையில் வல்லினமும் இடையினமும் கிடைத்துவிட்டன. ‘பேக் அட் தி சிக்கன் ஷேக்’ சோலோவை இந்த ஒன்றுக்காகவே கேளுங்கள். ஒரே சொற்றொடரை முதலில் வழுக்கி விடுவது, அப்புறம் அதையே தட்டிச் சொல்வது. பேச்சுக் கலை தெரிந்த ஆள் முக்கியமான சொல்லுக்கு முன்னால் மூச்சை நிறுத்துகிற மாதிரி. அந்த ஆல்பம் 1960 ஏப்ரல் 25 அன்று ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவானது, அதே நாளில் ‘மிட்நைட் ஸ்பெஷல்’ ஆல்பத்துக்கான பாட்டுகளும் முடிந்துவிட்டன. ஒரே நாள் வேலை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஒரே ஸ்வரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுற்று முழுக்க விடாமல், மீதி விரல்களால் அதைச் சுற்றி வாசிப்பார். பியானோவில் இது நடக்காது, ஒலி தேய்ந்து போய்விடும். ஊதுகிற வாத்தியத்தில் மூச்சு தீர்ந்துவிடும். ஆர்கனில் மட்டும் தம்பூரா மாதிரி நிற்கும். கூட்டம் எழுந்து கத்துவது அப்போதுதான். நண்பன் சொன்ன வித்தை இதுதான் என்றால் வித்தை என்றே வைத்துக்கொள்வோம். அந்த வாத்தியத்தால் மட்டுமே முடிகிற ஒன்றைக் கண்டுபிடித்தவரின் வித்தை.

1956 தொடக்கத்தில் ஹார்லெமின் ஸ்மால்ஸ் பாரடைஸில் அவர் வாசிப்பதை ப்ளூ நோட் இசைத்தட்டு கம்பெனியின் ஆல்ஃபிரட் லயனும் ஃபிரான்சிஸ் உல்ஃபும் கேட்டார்கள். முகம் கோணி, உடம்பு முறுக்கி, வேதனையில் இருப்பவர் போலக் குனிந்திருந்தார், விரல்கள் பறந்தன, கால் பெடல் மேல் நடனமாடியது என்று உல்ஃப் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். பார்த்த மாத்திரத்தில் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த எட்டு வருஷத்துக்குள் அந்தக் கம்பெனிக்காக ஏறக்குறைய 40 பதிவு அமர்வுகள். பிலடெல்பியாவிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு தலைமுறையே ஆர்கனுக்கு மாறியது: ஷர்லி ஸ்காட், ஜிம்மி மெக்ரிஃப், சார்ல்ஸ் இயர்லாண்ட். பேஸ்காரருக்குத் தனிச் சம்பளம் தர வேண்டாம் என்பதால் கறுப்பின மக்கள் குடியிருப்புகளின் சின்ன பார்களுக்கும் ஆர்கன் குழு தோதாக இருந்தது. 180 கிலோவுக்கும் மேல் கனமான அந்தப் பெட்டியை ஊர் ஊராக எடுத்துப் போக அந்தக் காலத்து ஆர்கன்காரர்கள் சிலர் சவ ஊர்தியே வாங்கினார்கள்.

ஒரு ஆல்பம், இரண்டு பக்கம்

நண்பனுக்குப் பதில் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தபோதுதான் ‘பேஷின்’ ஆல்பத்தை மறுபடி எடுத்தேன். 1962-இல் வெர்வ் கம்பெனிக்கு அவர் செய்த முதல் ஆல்பம். இதன் முதல் பக்கத்தில் ஆலிவர் நெல்சன் எழுதிய பிக் பேண்ட் இசை, ‘வாக் ஆன் தி வைல்ட் சைட்’ இதிலிருந்துதான் அமெரிக்கப் பாப் பட்டியலில் 21-ஆம் இடம் வரை போனது. இரண்டாம் பக்கத்தில் வழக்கமான மூவர் குழு, பல வருஷமாக அவரோடு இருந்த டொனால்ட் பெய்லி ட்ரம்ஸில். முதல் பக்கத்தின் கலைஞர் பட்டியலில் ஜார்ஜ் டுவிவியர் என்று ஒரு பெயர் இருக்கிறது. வாத்தியம், பேஸ்.

இத்தனை வருஷமாக இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். டுவிவியர் அருமையான பேஸ்காரர், நெல்சனின் எழுத்தும் பிரமாதம், ட்ரம்பெட்டுகள் உள்ளே வரும் இடத்தில் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும். இருந்தாலும் அந்தப் பக்கத்தில் ஜிம்மி ஒரு பாடகர் மாதிரி, தன்னைச் சுமக்க ஒரு குழு இருக்கிறது என்று தெரிந்து பாடுகிறவர். அவர் தாமதித்தாலும் தரை ஓடிக்கொண்டிருக்கும். தட்டைத் திருப்பினால் தரையே அவர்தான். வலது கை ஒரு சொற்றொடரை லேசாகப் பின்னால் இழுக்கும்போது இடது கை இம்மி அசையாமல் நிற்கிறது, ஒரே தலைக்குள் இரண்டு கடிகாரம். அந்த இழுபறிதான் அவருடைய ஸ்விங், ஜாஸுக்கே உரிய அந்தத் தாள ஊசல், என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வலது கையை மட்டும் பிரித்து எடுத்துவைத்தால் அது நிஜமாகவே கொஞ்சம் வித்தையாகத்தான் தெரியும். பிற்காலத்தில் மைக்கேல் ஜாக்சனின் ‘பேட்’ பாட்டு நடுவே அவர் வாசித்த அந்தச் சின்ன ஆர்கன் சோலோவைக் கேட்டாலும் இது புரியும், அங்கே தரை வேறு யாரோ போட்டது, அவர் வந்து மின்னிவிட்டுப் போகிறார்.

அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. நண்பன் அந்தச் சுட்டியை எதில் கேட்டிருப்பான்? போன் பண்ணிக் கேட்டேன். “பஸ்ஸுல போறப்ப, போன்லதான்டா. இயர்போன் இல்ல, சத்தத்தைக் குறைச்சு வச்சு காதுகிட்ட பிடிச்சுக் கேட்டேன்.” ஜிம்மியின் இடது கை உலாவுகிற இடம் மிகத் தாழ்ந்த ஒலிகளின் பிரதேசம். போனின் உள் ஸ்பீக்கருக்கு அது எட்டவே எட்டாது. அவனுக்குப் போய்ச் சேர்ந்தது வலது கை மட்டும். அவன் கேட்டதை அவன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். ஒத்திகை அறையில் அவனுடைய பேஸ் ஆம்ப் இருந்தது, போனிலிருந்து அதற்கு வயர் போட்டு ‘தி செர்மன்’ வைத்தேன். எதையும் சொல்லவில்லை. முதல் சுற்று முடிவதற்குள் அவன் தலை ஆடுவது நின்றுவிட்டது. ஆம்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டான். “இது ஸ்ட்ரிங் பேஸ் இல்லையே. யாருடா இது?” சொன்னேன். அவன் எழுந்து கிட்டாரை மாட்டிக்கொண்டான், ஆம்பில் செருகவில்லை, சும்மா தந்தியில் விரலை வைத்து அந்த நடையோடு கூடப் போனான். அவனுக்கு அது கஷ்டமான விஷயமே இல்லை, எளிமையான லைன்தான், வந்த வழியிலேயே திரும்பிப் போகிற லைன். நடுவில் ஒருமுறை நிறுத்தி, “சாக்ஸ் வர்றப்ப என்ன பண்றான் பாரு, சத்தத்தைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கறான்,” என்றான். மறுபடி சேர்ந்துகொண்டான். கிட்டார் சோலோ போனது, ட்ரம்பெட் போனது. அவன் வாசிக்கும் கச்சேரிகளில் ஒரு பாட்டு நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம், நடுவில் பேஸுக்கு மூச்சு விட இடமும் இருக்கும். இதில் இடமே வரவில்லை. கடைசியில் ஒலி அடங்கியதும் இடது கை மணிக்கட்டை இரண்டு தடவை உதறினான், விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டான்.

“இதே நேரத்துல அந்த இன்னொரு கையும் ஓடிட்டு இருந்துதுல்ல?” என்றான்.

அப்புறம் செருகு வயரை எடுத்து ஆம்பில் மாட்டிவிட்டு, முதலிலிருந்து போடச் சொன்னான்.